வெள்ளன வந்தவன் விசரனோ

ஒரு கலியாண வரவேற்பில்தான் எங்கள் கட்டடத்து அன்ரியின் கோபத்தை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்து மண்டபம் ஒன்று. பொம்பிளையும் மாப்பிள்ளையும் மேடையில் ஏறி எவ்வளவோ நேரமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் பெரிய தட்டங்கள் எல்லாம் மூடியபடி கிடக்கின்றன. எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்துகொண்டிருக்கிறாராம். அவர் வந்து தொடக்கி வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாமாம். பிள்ளைகள் சிணுங்குகின்றன. நீரிழிவுக்கார அங்கிள் ஒருவர் கை நடுங்கச் சட்டைப் பையில் ரொஃபி தேடுகிறார். மாப்பிள்ளையின் தகப்பன் வாசலைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக நிற்கிறார்.

அன்ரி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். நேரே போய் முதல் தட்டத்தின் மூடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. ஆட்டிறைச்சிக் கறி மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. தகப்பன் ஓடி வந்தார்.

"என்னக்கா செய்யிறியள்? அவர் வந்திட்டார். பார்க்கிங்கிலை நிக்கிறாராம்."

"நிக்கட்டும். நாங்களும் நிண்டனாங்கள்தானே. நேரத்தோடை வெள்ளன வந்தவன் என்ன விசரனோ?"

பிளேற்றை எடுத்து முதலில் அந்த நீரிழிவுக்கார அங்கிளுக்குத்தான் போட்டுக் கொடுத்தார். தானும் நின்ற நிலையில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பெரியவர் உள்ளே வந்தபோது சனம் எலும்பு கடித்துக்கொண்டிருந்தது.

நேரத்துக்கு வருகிற மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லிச் சொல்லியே எங்களைக் கொன்றுவிடுவார்கள். அன்ரி அந்த வகை இல்லை. தான் ஒருவர் காத்திருப்பதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. பஸ் தரிப்பில் பனிக்குள் நிற்கும்போது வாய் திறக்கமாட்டார். ஆனால் ஒரு மனிதனின் பவுசுக்காக ஒரு கூட்டத்தை நிற்க வைத்தால், அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். பிறகு எதிரில் நிற்பது ஆர் எவர் என்று பார்க்கமாட்டார்.

டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தில்தான் அவரும் இருந்தார். பிறம்ரனில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற ஒரு பெரிய லோன்றியில் வேலை. பக்கத்து வெயார்ஹவுஸில் பெட்டி தூக்குகிற வேலை எனக்கு. ஒரு பழைய வான் வைத்திருந்தார். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற எங்கள் ஆட்களை விடிய ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் நான் லிஃப்டால் இறங்கி லொபிக்கு வருகிறேன், வான் நகர்கிறது. கண்ணாடிக் கதவில் தட்டினேன். அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் போனார். மூன்று பஸ் மாறி, குளிரில் காது விறைத்து, வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சும் வாங்கினேன். பின்னேரம் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"இரண்டு நிமிசம்தானே அன்ரி பிந்தினனான்!"

"உனக்கு இரண்டு நிமிசம். வானுக்குள்ளை இருந்தவைக்கும் ஆளுக்கு இரண்டு. எல்லாத்தையும் கூட்டிப் பார்."

கோவிலிலும் இதே கதைதான். அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஞாயிறு பின்னேரத் தமிழ்ப் பூசைக்குச் சனம் நிறைந்திருக்கும். சுவாமியார் வாசலில் நின்று யாரோ முதலாளியிடம் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அன்ரி பொறுத்துப் பார்த்துவிட்டு வருகைப் பாடலைத் தானே தொடங்கிவிட்டார். அவருக்குச் சுருதிக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் தொடங்கிய பாட்டை நடுவில் விடலாமா? சனமெல்லாம் எழுந்து சேர்ந்து பாடியது. சுவாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு அரை ஓட்டமாக வந்தார்.

இந்தக் கோபத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஊரில் இராணுவச் சோதனைச் சாவடி வரிசையில் நின்றபோது ஆரையோ பறிகொடுத்தவராம் என்றார் ஒருவர். வள்ளத்துக்குக் காத்து நின்று ஏதோ நடந்ததாம் என்றார் இன்னொருவர். எங்கள் ஆட்களுக்கு எதற்கும் ஒரு துயரக் கதை வேண்டும். நான் வானுக்குள் வைத்து நேரடியாகவே கேட்டேன். சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன், கோவப்படுறதுக்கு வீட்டிலை ஒரு சாவு விழோணுமோ? பிழை நடக்குது, கோவம் வருது. உனக்கு வராட்டில் உனக்குத்தான் ஏதோ வருத்தம், போய் மருந்து எடு."

இனி ஒரு பந்தயக் கிண்ணத்தின் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் எங்கள் பெடியளுக்கென்று ஓர் ஐஸ் ஹொக்கிக் கிண்ணம் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு ஒருவரும் நம்பமாட்டார்கள். சின்ன வயதில் அகதிகளாக வந்திறங்கி, பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த ஐஸில் விழுந்து எழும்பிப் பழகியவர்கள் நாங்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்கேட்டும், ஆரோ கழித்துவிட்ட மட்டையும். டோர்செட் பார்க் நாங்கள், பிறகு பார்க்டேல், பிறம்ரன், இன்னும் கிழக்கே ஓர் அணி, இந்த நாலுதான். நேரே ஓடத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. ஐஸைச் சுற்றிய பலகைவேலியில் மோதி நிற்போம். ஆனாலும் அது எங்களுடைய விளையாட்டு. கிழமை முழுக்கப் பெட்டி தூக்கியவனுக்கு அந்த ஐஸில் கால் வைக்கும்போது வருகிற சந்தோசத்தை நான் வேறெதிலும் காணவில்லை.

கிண்ணத்துக்குப் பெயர் வேண்டுமே. எங்கள் ஆட்கள் பந்தயம் வைத்தால் அது யாராவது காலமானவருடைய ஞாபகார்த்தக் கிண்ணமாகத்தான் இருக்க வேண்டும். சங்கத் தலைவர் தன்னுடைய தகப்பனாரின் பெயரை வைத்தார். கிண்ணத்தின் வயிற்றில் அவருடைய முட்டை வடிவப் படம் ஒட்டியிருந்தது. அந்த மனிதர் தன் சீவியத்தில் ஐஸைக் கண்டது சர்பத் கிளாஸுக்குள் மட்டும்தான். பரவாயில்லை, பாவம், அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை எல்லாம் மகனோடுதான்.

அரினா என்கிற ஐஸ் அரங்கில் எங்களுக்குக் கிடைத்தது ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஆருக்கும் வேண்டாத நேரம் என்பதால்தான் கிடைத்தது. எட்டு மணிக்குச் சின்னப் பிள்ளைகளின் ஸ்கேட்டிங் வகுப்பு. ஏழே முக்காலுக்கே தலையில் ஹெல்மெற்றோடு கண்ணாடிக்கு வெளியே குஞ்சு குருமான்கள் வந்து நின்றுவிடும். இது தலைவருக்கும் தெரியும், செயற்குழுவுக்கும் தெரியும். ஆனால் மங்கள விளக்கு ஏற்றாமல், தேசிய கீதமும் தமிழ் வாழ்த்தும் பாடாமல், மௌன அஞ்சலி செய்யாமல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் இல்லாமல் எங்கள் ஆட்கள் ஒரு பந்தைக் கூட உருட்டமாட்டார்கள்.

முதலாவது வருச இறுதி ஆட்டத்தில் குத்துவிளக்கை ஐஸுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். மேசை வேண்டாம், நிலத்தில் நின்றால்தான் விளக்குக்கு மரியாதை என்று தலைவர் சொன்னார். எண்ணெய் ஊற்றி ஐந்து திரியும் ஏற்றி, ஆள் ஆளாக வந்து குனிந்து, அதில் ஒருவர் வழுக்கி விளக்கைப் பிடித்தார். எண்ணெய் முழுக்க ஐஸில். அரினா வேலையாள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு முழந்தாளிட்டுச் சுரண்டினார். சுரண்டி முடியவே முக்கால்வாசி நேரம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் இரண்டு அணியும் சமமாக நின்றபோது எட்டு மணியென்று ஆட்டம் நிறுத்தப்பட்டு, 'இணை வெற்றியாளர்கள்' என்று அறிவிக்கப்பட்டது. எங்களை வானில் ஏற்றிக்கொண்டு வந்த அன்ரி பார்வையாளர் படியில் இருந்து எழுந்து நின்று கத்தினார்.

"விளக்கை ஒரு கதிரையிலை வைச்சுக் கொளுத்தினால் எண்ணெய் குறைஞ்சு போமோ? ஆர் வெண்டதெண்டு தெரியாமல் பெடியளை வீட்டை அனுப்பிறியளே, வெக்கமில்லையோ?"

அன்றைக்குத்தான் அவருக்கு ஐஸ் ஹொக்கி பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். விளையாட்டின் விதி அவருக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் தொடங்கியது முடிய வேண்டும், ஒருவன் வெல்ல வேண்டும், மற்றவன் தோற்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்டது. ஒரேயொரு இறுதி ஆட்டமாவது ஒழுங்காக முடிகிறதைப் பார்க்க வேண்டும் என்று வானுக்குள் கிழமைக் கணக்காகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வருசம், ஆட்ட நேரத்தை ஓட்டி நிறுத்துகிற மணிக்கூட்டுப் பெட்டிக்குள் இருக்க ஆள் தேடினார்கள். விடியக்காலையில் அந்தக் குளிர்க் கூட்டுக்குள் இருக்க எவன் வருவான்? அன்ரி தானாகவே போய் இருந்தார். அரினா வேலையாளிடம் எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டார். முதலில் கேட்டது ஹோர்ன் எது என்று.

அந்த வருசப் பிரதம விருந்தினர், பனை மட்டை பிடித்த தமிழனின் கைக்கும் ஹொக்கி மட்டைக்கும் ஆதியிலிருந்தே தொடர்பு உண்டு என்று ஐஸில் விரித்த கார்பெட்டில் நின்று நிரூபித்துக்கொண்டிருந்தார். நாங்கள் குளிரில் பல்லுக் கிட்ட வரிசையில் நின்றோம். குறித்த நேரம் வந்தது. அன்ரி ஹோர்னை அமத்தினார். அரினா ஹோர்ன் என்றால் கப்பல் சங்கு மாதிரி. விருந்தினர் துள்ளித் தலைவரைக் கட்டிப்பிடித்தார். தலைவருக்கும் கால் வழுக்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி கார்பெட்டில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு! மணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது. கார்பெட்டைச் சுருட்டத்தான் வேண்டியிருந்தது. அந்த ஒரு வருசம்தான் இறுதி ஆட்டம் முழுதாக நடந்தது. பிறம்ரன் எங்களை அடித்து நொறுக்கியது. எட்டு மணிக்குப் பிள்ளைகள் ஐஸில் இறங்கினார்கள்.

அன்றைக்குச் சிரித்த ஒருவரையும் தலைவர் மறக்கவில்லை, ஹோர்ன் அமத்தியவரையும்தான். மூன்றாம் வருச இறுதி ஆட்டத்தன்று மணிக்கூட்டுப் பெட்டிக்குள் அவருடைய மருமகன் இருந்தார். தலைவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அன்ரியிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் இனி உதுக்குள்ளை இருந்து கஸ்ரப்படத் தேவையில்லை. உந்த ரோல்ஸ், தேத்தண்ணிப் பக்கத்தைப் பாத்தால் காணும்."

"நான் உமக்கு அக்காவோ? உம்மடை நரைச்ச மண்டையைக் கண்ணாடியிலை பாத்தனீரோ?"

சொல்லிவிட்டுப் படியில் போய் இருந்தார். ரோல்ஸ் வைத்த சிற்றுண்டி மேசைப் பக்கம் போகவில்லை. அவ்வளவு சனத்துக்குள் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆளை ரோல்ஸ் பார்க்க அனுப்பிய அந்தக் கைகூப்பலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

ஐஸ் ஹொக்கியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டங்களில் முக்கியஸ்தர் ஒருவர் வந்து, பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை நடுவில் போட்டுத் தொடக்கி வைப்பார். தலைவர் எங்கேயோ இதைக் கேள்விப்பட்டுவிட்டார். குரங்கின் கையில் பூமாலை! தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, நடுவில் பொட்டு வைத்த பக். ஏந்திக்கொண்டு இரண்டு பட்டுப் பாவாடைப் பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள். நாங்களும் பார்க்டேலும் எதிரெதிராக நிற்கிறோம். எல்லாம் இருக்கிறது. பக்கைப் போட வேண்டிய பிரதம விருந்தினரைத்தான் காணவில்லை. ஆறரை ஆகிவிட்டது. பிறகு ஏழும் ஆகிவிட்டது. வந்துகொண்டிருக்கிறார், நெடுஞ்சாலையில் நிற்கிறார், இதோ திரும்பிவிட்டார் என்று தலைவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். கூலிக்கு வந்த வெள்ளைக்கார நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.

அன்ரி படியால் இறங்கி வந்தார். குளிர்ச் சப்பாத்தும் நீளக் கோட்டும் தோளில் கைப்பையுமாகக் கார்பெட்டில் நடந்து நடுவுக்கு வந்தார். பிள்ளைகளிடம், "போய்க் கோட்டைப் போடுங்கோ செல்லங்கள்" என்றார். தாம்பாளத்திலிருந்து பக்கை எடுத்தார். எங்கள் ஆளும் பார்க்டேல் ஆளும் மட்டையைத் தாழ்த்தினார்கள். அன்ரி பக்கைப் போட்டார்.

"விளையாடுங்கோடா!"

நடுவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விளங்கிவிட்டது. விசில் ஊதினார். மாற்றாட்கள் கார்பெட்டை ஓரத்துக்கு இழுத்தார்கள். தலைவர் மைக்கில் ஏதோ கத்தினார். ஒருவரும் கேட்கவில்லை. நான் என் சீவியத்தில் விளையாடிய மிக நல்ல ஆட்டம் அது. அவர்கள் ஒன்று போட்டார்கள், நாங்கள் ஒன்று. திரும்ப அவர்கள், திரும்ப நாங்கள். இரண்டுக்கு இரண்டு. படியில் அன்ரி கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்திருந்தார். ஐந்து நிமிடம் மிச்சம். ஓர் ஆட்டம் முடியப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரம்.

அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தினர் வந்தார். அவர் வந்ததுகூட இல்லை பிரச்சினை. பேசாமல் ஒரு கதிரையில் இருந்து பார்த்திருக்கலாம். தலைவர் மருமகனைப் பார்த்துக் கையைக் காட்டினார், மணிக்கூடு நின்றது. தலைவர் கார்பெட்டை விரித்துக்கொண்டு ஆட்டம் நடக்கிற ஐஸுக்குள் வந்தார்! பின்னால் விருந்தினர், மாலை, பொன்னாடை. ஆட்கள் உள்ளே வந்ததும் நடுவர் விசில் ஊதி நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. பிறகு பேச்சு. பிறகு கிண்ணத்தோடு படம். நாங்கள் வேர்வை குளிர்ந்து விறைத்து நின்றோம். கண்ணாடிக்கு வெளியே ஹெல்மெற்றுகள் வந்துவிட்டன.

அன்ரி இப்போது வெடிப்பார், மிச்ச ஆட்டத்தை முடிக்காமல் ஐஸை விடமாட்டார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் பலகைவேலிக்கு வந்து எங்களைப் பார்த்துத்தான் கத்தினார்.

"வெளிய வாங்கோ! அங்கை குஞ்சுகள் நிக்குதுகள்!"

வெளியே வந்தோம். பின்னால் மைக்கில் 'இணை வெற்றியாளர்கள்' என்று கேட்டது. பார்க்டேல் கப்டன் மட்டையைச் சுவரில் அடித்து முறித்தான். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

"அழாதை. சப்பாத்தை மாத்து," என்றார் அன்ரி. "மட்டையளைக் கொண்டு எல்லாரும் வெளியிலை வாங்கோ."

அரினாவின் பார்க்கிங் லொட்டில் பனியை வழித்து ஓரத்தில் குவித்திருந்தார்கள். அன்ரி தன் வானிலிருந்த பனி தள்ளும் மண்வெட்டி இரண்டை ஒரு பக்கம் கோல் கம்பமாக நட்டார். மற்றப் பக்கத்துக்கு இரண்டு குப்பைத் தொட்டி. ஆரோ காருக்குள் இருந்து ரெனிஸ் பந்து எடுத்து வந்தார்கள். அன்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐஞ்சு நிமிசம் கிடந்தது. இரண்டுக்கு இரண்டு. தொடங்குங்கோ."

சப்பாத்தோடு, பனிச் சகதிக்குள், அப்படி ஆவேசமாக நாங்கள் ஐஸில்கூட ஓடியதில்லை. பாதி ஆட்டத்தில் ஹோர்ன் சத்தம் கேட்டது. இது கார் ஹோர்ன். பிரதம விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி இருந்ததாம். வெளியே போகிற ஒரே பாதையில் நாங்கள் நின்றோம். தலைவர் காரை விட்டு இறங்கி ஓடி வந்தார்.

"அக்கா, பெடியளை விலத்தச் சொல்லுங்கோ! அவரை மறிச்சு வைச்சிருக்கிறியள்!"

அன்ரி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கோ. ஆக்கள் விளையாடீனம்."

அவர் ஒருவரைக் காக்க வைத்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். தலைவர் நின்றார். விருந்தினர் காருக்குள் மாலையோடு இருந்தார். நேரம் முடியக் கிட்ட பார்க்டேல் கப்டன், ஆரோ கொடுத்த மட்டையால் ஓங்கி அடித்தான். பந்து என் இரண்டு காலுக்கும் நடுவால் போய் இரண்டு குப்பைத் தொட்டிக்கும் இடையில் விழுந்தது. அன்ரி கையை உயர்த்தினார்.

"முடிஞ்சுது. பார்க்டேல் வெண்டது. இனி எல்லாரும் வீட்டை போங்கோ."

ஒருவரையும் தட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் வானை ஓட்டிக்கொண்டு போகும்போது அவர் சுருதி சேராமல் ஏதோ முணுமுணுத்துப் பாடினார். அன்றைக்கு மாதிரி அவர் முகத்தை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

அடுத்த வருசம் அரினா எங்களுக்கு நேரம் தரவில்லை. எண்ணெயும் கார்பெட்டும் பட்டது போதும் என்றுவிட்டார்கள். கிண்ணம் தலைவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குப் போனது. வருசத்தில் பாதி எங்களிடமும் பாதி பார்க்டேலிடமும் இருக்கும் என்று மைக்கில் சொன்ன கிண்ணம், ஒரு நாளும் ஒரு வீட்டுக்கும் வரவில்லை. எங்கள் ஆட்கள் கிரிக்கெற்றுக்குப் போனார்கள். அங்கேயும் தலைவர்தான் தலைவர். அன்ரி போய்ச் சேர்ந்தும் வருசங்களாகிவிட்டன. சங்கத்து ஆண்டு மலர்ப் புத்தகங்கள் எதிலும் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. தலைவரின் படம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

போன மாதம் சங்கத்திலிருந்து ஒரு தம்பி ரெலிபோன் எடுத்தான். ஆண்டு விழாவாம். அந்தக் காலத்துக் கடைசி ஹொக்கிக் கிண்ணத்தின் இணை வெற்றியாளர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

"ஆறு மணிக்கு வாங்கோ அண்ணை. ஆறு எண்டு போட்டிருக்கிறம், எங்கடை ஆக்கள்தானே, ஏழரைக்கு வந்தாலும் காணும்."

எனக்கு மூக்கு நுனி சுட்டது.

"தம்பி, நாங்கள் வெல்லேல்லை. தோத்தனாங்கள்."

"இல்லை அண்ணை, மலரிலை இணை வெற்றி எண்டுதான் கிடக்கு."

"மலரைத் தூக்கி எறி. பார்க்டேல் மூண்டு, நாங்கள் இரண்டு. என்ரை காலுக்குள்ளாலை போன பந்து. அவங்களைக் கூப்பிட்டுப் பொன்னாடையைப் போடு. எங்களுக்குத் தோத்தவை எண்டு போடு."

அண்ணைக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருப்பான்.

"உதுக்கு ஆரண்ணை சாட்சி?"

"அண்டைக்கு வந்த உங்கடை பிரதம விருந்தினரைக் கேள்," என்றேன். "காருக்குள்ளை இருந்து கடைசி வரைக்கும் பாத்தவர்."